புகையா, ஆவியா?

நுழையும்முன்

ஒருவர் ஒரு கருத்தைச் சொல்கிறார். அதற்குக் காரணமும் காட்டுகிறார். அந்தக் காரணம் அந்த முடிவைத் தாங்குமா? இவ்வொரு கேள்வியைப் பல வடிவங்களில் கேட்பனவே உயர்கல்வி நுழைவுத்தேர்வுகளில் இடம்பெறும் ஏரண வினாக்கள். விளம்பரம், செய்தி, மேடைப்பேச்சு என நாள்தோறும் செவியில் விழும் கூற்றுகளை எடைபோடவும் இதே திறன் வேண்டும். தமிழில் இத்திறனுக்கு 'அளவை' என்று பெயர். மணிமேகலை கற்ற அளவைக்கும் இன்றைய மாணவர் கையிலுள்ள வினாத்தாளுக்கும் உள்ள உறவை இப்பாடம் விளக்குகிறது.

எல்லையூரில் ஒரு காட்சி

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், தமிழ்நாட்டின் வட எல்லையில் அமைந்த ஊர் ஆரம்பாக்கம். சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் இவ்வூரைத் தொட்டு ஆந்திரத்துக்குள் நுழைகின்றன. கிழக்கே பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. தெற்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. உழவும் மீன்பிடித்தலும் ஆலைத்தொழிலும் இப்பகுதியில் அருகருகே நடைபெறுகின்றன.

இத்தகைய தொழிற்பகுதியில், விடியற்காலையில் ஆலை ஒன்றின்மேல் வெண்படலம் எழுகிறது எனக் கொள்வோம். தொலைவில் நிற்போர் மூவர் அதனைக் காண்கின்றனர். "புகை எழுகிறது, ஆகவே ஆலையில் தீப்பற்றியிருக்கிறது" என்கிறார் முதலாமவர். "அது குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து வெளிவரும் நீராவி" என்கிறார் இரண்டாமவர். "மார்கழி மாதத்துப் பனியாகவும் இருக்கலாம்" என்கிறார் மூன்றாமவர். முதலாமவரின் வாதத்தில் பிழை எங்கே உள்ளது? புகை இருக்குமிடத்தில் நெருப்பு உண்டு என்னும் பொதுவிதி தவறன்று. ஆனால், எழுந்தது புகைதான் என்பது இன்னும் உறுதிப்படவில்லை. உறுதிப்படாத ஒன்றைக் காரணமாக வைத்து உறுதியான முடிவைக் கூறியதே பிழை.

வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. ஆவியோ பனியோ என்று ஐயுறும் நிலையிலேயே அதனைப் புகை எனக் கொண்டு நெருப்பு உண்டெனத் துணியும் இப்பிழை, மணிமேகலைக் காப்பியத்தில் எடுத்துக்காட்டுடன் விளக்கப்பட்டுள்ளது.

மணிமேகலை கற்ற அளவை

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை முப்பது காதைகளைக் கொண்டது. அதன் 27ஆம் காதையில், மணிமேகலை மாதவன் வடிவு கொண்டு வஞ்சி மாநகரில் பல்வேறு சமயவாதிகளையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அவருள் முதல்வனாகிய அளவைவாதி, உண்மையை அறியும் வழிகளாகிய பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். காண்டல், கருதல், உவமம், ஆகமம் முதலியன அவை. அளவைகளை மட்டுமன்றி, அளவைபோலத் தோன்றி ஏமாற்றும் எட்டுக் குறைகளையும் அவன் சுட்டுகிறான். இப்பியை வெள்ளி என்று கொள்வது 'திரியக் கோடல்'. நிற்பது தறியோ மனிதனோ என்று முடிவின்றி நிற்பது 'ஐயம்'. ஆராயாமலேயே அத்தறியை மனிதன் என்று துணிவது 'தேராது தெளிதல்'. தேர்வறையில் மாணவர் இழக்கும் மதிப்பெண்களுள் பல, இக்கடைசிக் குறையால் இழக்கப்படுபவையே.

காஞ்சி மாநகரில் நிகழ்வது 29ஆம் காதை. அங்கே அறவண அடிகள் மணிமேகலைக்கு அறம் உரைக்கிறார். அறத்தின் உட்பொருளை 30ஆம் காதையில் விரித்துரைக்கும் முன்பு, 29ஆம் காதையில் அவர் ஏரணத்தைக் கற்பிக்கிறார் என்பது கருதத்தக்கது. பொருளைக் கையில் கொடுக்கும் முன், அதை நிறுக்கும் துலாக்கோலைக் கொடுக்கிறார் ஆசிரியர். அவர் கூறும் வாதத்தின் உறுப்புகள் ஐந்து.

1. பக்கம்: இம்மலை நெருப்புடையது. (நிறுவ விரும்பும் கூற்று)
2. ஏது: புகை உடைமையால். (காரணம்)
3. திட்டாந்தம்: அடுக்களையைப் போல. (பொதுவிதியைக் காட்டும் சான்று)
4. உபநயம்: இம்மலையும் புகை உடையது. (சான்றைப் பொருத்திக் காட்டல்)
5. நிகமனம்: ஆதலால் நெருப்புடையது. (முடிபுரை)

இவ்வைந்தும் முறையாக அமைந்தால் வாதம் நிற்கும். பக்கமோ ஏதுவோ திட்டாந்தமோ குறையுடையதாயின், அது முறையே பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி எனப்படும். ஏதுப்போலி மூவகைப்படும். ஏது தானே உறுதிப்படாமல் இருப்பது அசித்தம். மேலே கண்ட ஆலைப்படலம் இதற்குச் சான்று. முடிவுக்கும் அதன் மறுதலைக்கும் ஒப்பப் பொருந்துவது அநைகாந்திகம். நிறுவ வந்ததற்கு மாறானதையே நிறுவிவிடுவது விருத்தம்.

தெரியுமா?
உ.வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டு மணிமேகலையை அரும்பதவுரையுடன் பதிப்பித்தார். பௌத்த ஏரணக் கலைச்சொற்கள் நிறைந்த 29ஆம் காதை, தமிழில் வாதமுறையை விரிவாகக் கூறும் பழைய பகுதிகளுள் ஒன்று.

வினாத்தாளின் இயல்பு

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் பயில விரும்பும் மேல்நிலை மாணவர் எழுதுவது, கிளாட் எனப்படும் பொதுச் சட்ட நுழைவுத்தேர்வு. 2008இல் தொடங்கிய இத்தேர்வின் வழியே திருச்சிராப்பள்ளியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திலும் மாணவர் சேர்க்கப்படுகின்றனர். 2020 முதல் இதன் வினாக்கள் பத்தியைப் படித்து விடையளிக்கும் முறைக்கு மாறின. 2024ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கான தேர்விலிருந்து 120 வினாக்களுக்கு 120 நிமிடங்கள் என்னும் முறை நடைமுறையில் உள்ளது. சரியான விடைக்கு ஒரு மதிப்பெண் உண்டு. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிக்கப்படும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வினாக்கள் ஏரணத்தைச் சார்ந்தவை. குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளிலும் 2011 முதல் ஏரண வினாக்கள் இடம்பெறுகின்றன.

கிளாட் ஆங்கிலத்தில் நடத்தப்படுகிறது. தமிழ்வழியில் பயின்ற மாணவருக்கு இது ஒரு தடை என்பதில் ஐயமில்லை. ஆங்கில வாசிப்பை வளர்த்துக்கொள்ள வேண்டியது கட்டாயம். ஆயினும், ஏரணம் எந்த ஒரு மொழிக்கும் தனியுரிமை அன்று. காரணம் எது, முடிவு எது, இரண்டுக்கும் இடையிலுள்ள வெளி எது என்று தமிழில் பிரித்தறியப் பழகியவருக்கு, ஆங்கிலப் பத்தியில் புதிதாகக் கற்க வேண்டியவை சொற்களே. சிந்திக்கும் முறை அன்று.

முடிவை முதலில் காண்க

ஏரண வினாவை எதிர்கொள்வதன் முதற்படி, பத்தியில் உள்ள முடிவைக் கண்டறிதல். முடிவு எப்போதும் இறுதியில் வருவதில்லை. எனவே, ஆகவே, ஆதலால் ஆகிய சொற்களுக்குப் பின் வருவது முடிவு. ஏனெனில் என்ற சொல்லுக்குப் பின் வருவது காரணம். அவ்விடத்தில் முடிவு அதற்கு முன்பே சொல்லப்பட்டிருக்கும். இணைப்புச்சொல் இல்லாத பத்தியில், "இதை ஏன் நம்ப வேண்டும்?" என்று ஒவ்வொரு தொடரையும் கேட்டுப் பார்க்க வேண்டும். எந்தத் தொடர் எழுப்பும் இக்கேள்விக்குப் பத்தியின் ஏனைய தொடர்கள் விடையாக அமைகின்றனவோ அதுவே முடிவு.

பயிற்சிக்கென அமைக்கப்பட்ட பின்வரும் பத்தியைக் காண்க.

"ஏரிக்கரைச் சாலையில் இரவில் மின்விளக்குகளைக் கூட்ட வேண்டும். அங்கு நிகழும் விபத்துகளுள் பெரும்பாலானவை இரவில் நேர்கின்றன. பகலில் அச்சாலையில் செல்லும் வண்டிகளோ இரவில் செல்பவற்றைவிடப் பல மடங்கு மிகுதி."

இங்கு முதல் தொடரே முடிவு. பின்னிரு தொடர்கள் காரணங்கள். வண்டிகள் குறைவாக உள்ள நேரத்தில் விபத்துகள் மிகுதியாக இருப்பதால், இரவுக்கே உரிய ஏதோ ஒரு குறை உண்டு என்பது பெறப்படுகிறது. அக்குறை வெளிச்சமின்மைதான் என்று பத்தி சொல்லவில்லை. அதனைச் சொல்லாமலே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஓட்டுநரின் தூக்கக் கலக்கமோ மிகுவேகமோ காரணமாயின், விளக்குகள் மட்டும் விபத்தைக் குறைக்கமாட்டா.

சொல்லப்படாத எடுகோள்

காரணத்துக்கும் முடிவுக்கும் இடையில், சொல்லாமலே ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து எடுகோள் எனப்படும். ஏரண வினாக்கள் எவ்வடிவில் வந்தாலும் அவை பெரும்பாலும் இந்த எடுகோளையே சுற்றி வருகின்றன. எடுகோளை உறுதிசெய்யும் செய்தி வாதத்தை வலுப்படுத்தும். அதனை அசைக்கும் செய்தி வாதத்தை வலுவிழக்கச் செய்யும்.

மணிமேகலையின் அளவைவாதி கருதல் அளவையை மூன்றாகப் பகுக்கிறான். அவற்றுள் ஒன்று, ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேற்புறத்தில் மழை பெய்தது என உணர்வது. இதனைத் திருவள்ளூர் மாவட்டத்தின் ஆரணியாற்றோடு பொருத்திப் பார்க்கலாம். ஆரணியாறு ஆந்திரத்தில் தோன்றி, ஊத்துக்கோட்டை, பொன்னேரிப் பகுதிகள் வழியே ஓடிப் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. ஆந்திரத்தில் பிச்சாட்டூரில் இதன் குறுக்கே நீர்த்தேக்கம் உள்ளது.

"ஆற்றில் இன்று வெள்ளம் வருகிறது. எனவே நேற்று மேற்பகுதியில் பெருமழை பெய்திருக்க வேண்டும்."

இவ்வாதத்தின் எடுகோள் யாது? பின்வரும் இரண்டையும் ஒப்பிடுக.

அ) நேற்று மேற்பகுதியில் பெய்த மழையின் அளவு கணக்கிடப்பட்டுள்ளது.
ஆ) முன்பே தேங்கிய நீர் நீர்த்தேக்கத்திலிருந்து திறந்துவிடப்படவில்லை.

விடையைச் சோதிக்க எளிய வழி, ஒவ்வொரு கூற்றையும் மறுத்துப் பார்ப்பது. மழையின் அளவு கணக்கிடப்படவில்லை எனக் கொண்டால் வாதத்துக்குக் கேடில்லை. அளந்தாலும் அளக்காவிட்டாலும் மழை மழையே. ஆனால், தேங்கிய நீர் திறந்துவிடப்பட்டது எனக் கொண்டால், வெள்ளம் நேற்றைய மழையால் வந்தது என்று கூற இயலாது. எக்கூற்றை மறுத்தால் வாதம் சரிகிறதோ அதுவே அவ்வாதத்தின் எடுகோள். ஆகவே விடை 'ஆ'. அணைகள் பெருகிய காலத்தில், பழைய அளவைக்கும் புதிய எச்சரிக்கை ஒன்று தேவைப்படுகிறது.

வலுவிழத்தல் வேறு, பொய்த்தல் வேறு

பழவேற்காடு ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் இந்த ஏரியை நம்பி மீனவச் சிற்றூர்கள் பல வாழ்கின்றன. ஏரியைக் கடலோடு இணைக்கும் முகத்துவாரம் மணல் சேர்ந்து அடைபடுவது, அம்மக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் இடர்ப்பாடு. இச்சூழலை ஒட்டிப் பயிற்சிக்கென அமைந்த வாதம் வருமாறு:

"ஓர் ஏரியில் சில ஆண்டுகளாக மீன்வரத்துக் குறைந்துள்ளது. அதே ஆண்டுகளில் ஏரியைச் சுற்றி ஆலைகள் பெருகியுள்ளன. எனவே மீன்வரத்துக் குறைவுக்கு ஆலைக் கழிவுநீரே காரணம்."

இவ்வாதத்தை மிகுதியும் வலுவிழக்கச் செய்வது எது?

அ) ஆலைகள் அப்பகுதி இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பு அளித்துள்ளன.
ஆ) அதே ஆண்டுகளில் முகத்துவாரம் அடைபட்டதால், கடலிலிருந்து மீன்குஞ்சுகளும் இறால்குஞ்சுகளும் ஏரிக்குள் வருவது தடைப்பட்டது.
இ) மீனின் விலை சந்தையில் உயர்ந்துள்ளது.
ஈ) எந்த ஏரியிலும் மீன்வரத்து ஒரே அளவில் இருப்பதில்லை.

'அ' ஆலைகளின் நன்மையைச் சொல்கிறது. மீன்வரத்தின் காரணத்தைத் தொடவில்லை. ஆலைகளை விரும்புவோரும் வெறுப்போரும் தம் மனச்சாய்வால் இதனிடம் இழுக்கப்படலாம். 'இ' மீன்வரத்துக் குறைவின் விளைவாக இருக்கலாம், காரணம் அன்று. 'ஈ' பொதுவான கூற்று. இந்த ஏரியில் இவ்வாண்டுகளில் தொடர்ந்து நிகழ்ந்த குறைவை அது விளக்கவில்லை. 'ஆ' வேறொரு காரணத்தை அதே காலத்தில் வைத்துக் காட்டுகிறது. இரு நிகழ்வுகள் ஒருங்கே நிகழ்வதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதை அது புலப்படுத்துகிறது. எனவே விடை 'ஆ'.

இவ்விடத்தில் நுட்பமான வேறுபாடு ஒன்றை உணர வேண்டும். 'ஆ' சரியான விடை என்பதால், ஆலைக் கழிவு ஏரிக்குக் கேடு செய்யவில்லை என்று பொருளாகாது. வாதம் வலுவிழந்தது, முடிவு பொய்த்துவிடவில்லை. தரப்பட்ட காரணம் அம்முடிவைத் தாங்கப் போதவில்லை என்பதே பெறப்படும் செய்தி. மேலும் தேடினால் போதிய சான்று கிடைக்கவும் கூடும். கழிவுநீர் கலக்கும் பகுதியில் மட்டும் மீன்வரத்துக் குறைந்து, அதே முகத்துவாரத்தை நம்பியிருக்கும் மற்றப் பகுதிகளில் குறையாதிருப்பின், முகத்துவாரத்தைக் காரணமாகக் காட்டுவது அரிதாகிவிடும். கழிவுநீரே காரணம் என்னும் வாதம் உறுதிபெறும். இவ்வாறு மாற்றுக் காரணத்தை விலக்கும் செய்தியே வலுவூட்டும் வினாவுக்கு விடையாகும்.

விளம்பரம் சொல்லாத எண்

நுழைவுத்தேர்வை எழுத விரும்பும் மாணவர் முதலில் சந்திக்கும் வாதம் வினாத்தாளில் இருப்பதில்லை, சுவரொட்டியில் இருக்கிறது. ஒரு பயிற்சி மையம் இவ்வாறு விளம்பரம் செய்வதாகக் கொள்வோம்: "எங்கள் மாணவர் 100 பேர் வெற்றி பெற்றனர். எனவே எங்கள் பயிற்சியே சிறந்தது."

நூறு என்னும் எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது மெய்யே ஆயினும் முடிவைத் தாங்குமா என்பதே கேள்வி. அம்மையத்தில் சேர்ந்தோர் 120 பேர் எனில், நூறு பெரிய வெற்றி. சேர்ந்தோர் 5,000 பேர் எனில், ஐம்பதில் ஒருவரே வென்றுள்ளார். ஒரே ஏது சிறந்த பயிற்சிக்கும் பொருந்துகிறது. சிறப்பில்லாத பயிற்சிக்கும் பொருந்துகிறது. அறவண அடிகள் அநைகாந்திகம் எனச் சுட்டும் ஏதுப்போலியின் இயல்பு இதுவே. முன்பே உயர்ந்த மதிப்பெண் பெற்றவரை மட்டும் சேர்த்துக்கொண்டனரா, வேறிடத்தில் பயின்றவரும் அந்நூற்றுவருள் அடக்கமா என்பனவும் கேட்கத்தக்கவை. கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் குடும்பத்துக்கு, இக்கேள்விகளைக் கேட்பதும் கேளாமையும் வெறும் மதிப்பெண் வேறுபாடு அன்று. ஓராண்டு உழைப்பின் ஊதியம்.

விடைகளில் மறைந்திருக்கும் பொறிகள்

தவறான விடைகள் கண்மூடித்தனமாக அமைக்கப்படுவதில்லை. மாணவர் எவ்வாறு தவறுவர் என்பதை அறிந்தே அவை எழுதப்படுகின்றன. அவற்றுள் நான்கு அடிக்கடி வருபவை.

முதலாவது, மிகைச்சொல். "ஓர் ஆலையில் தொழிலாளர் அனைவருக்கும் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஆயினும் அவருள் சிலர் தலைக்கவசம் அணிவதில்லை" என்னும் பத்தியிலிருந்து, "பயிற்சி பெற்றோர் அனைவரும் தலைக்கவசம் அணிவதில்லை என்பது பெறப்படும்" எனக் கூற இயலாது, "பயிற்சி பயனற்றது" எனவும் கூற இயலாது. "பயிற்சி மட்டும் ஒவ்வொருவரையும் தலைக்கவசம் அணியச் செய்துவிடவில்லை" என்பதே பெறப்படும். உய்த்துணர்தல் வினாவில் அடக்கமான கூற்றே பெரும்பாலும் நிலைக்கும்.

இரண்டாவது, தேவையையும் போதுமையையும் குழப்புதல். "நுழைவுத்தேர்வு எழுதாதவர் அக்கல்லூரியில் சேர இயலாது. கயல்விழி தேர்வு எழுதினாள். எனவே அவள் சேர்வாள்." தேர்வு எழுதுதல் சேர்க்கைக்குத் தேவை, அதுவே போதுமானது என்று எவரும் சொல்லவில்லை.

மூன்றாவது, பத்திக்கு வெளியே உள்ள உண்மை. ஒரு விடை உலகியலில் முற்றிலும் மெய்யாக இருக்கலாம். ஆனால் அவ்வாதத்தோடு தொடர்பற்றதாயின் அது விடையாகாது. அறிந்த செய்தி அமைந்த விடையைக் கண்டதும் மனம் அதைத் தழுவிக்கொள்ளும். அங்கே நிதானம் வேண்டும்.

நான்காவது, சொன்னவரைக் குறைகூறல். "இக்கருத்தைச் சொன்னவர் ஆலை முதலாளி; எனவே கருத்துத் தவறு" என்பதும், "சொன்னவர் அறிஞர்; எனவே கருத்துச் சரி" என்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். யார் சொன்னாலும் சொன்ன பொருளின் உண்மையை ஆராய்வதே அறிவு என்னும் கருத்து, திருக்குறளின் அறிவுடைமை அதிகாரத்தில் 423ஆம் குறளாக அமைந்துள்ளது.

விடையளிக்கும் ஒழுங்கு

• முதலில் வினா கேட்பது எது எனத் தெளிக: முடிவா, எடுகோளா, வலுவூட்டலா, வலுவிழத்தலா, உய்த்துணர்தலா?
• பத்தியில் முடிவையும் காரணத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்க.
• விடைகளைப் பார்க்கும் முன், இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியைத் தன் சொற்களில் ஒரு தொடராக அமைத்துப் பார்க்க.
• தொடர்பற்றவற்றை நீக்குக. எஞ்சும் இரண்டனுள் முடிவை நேரே தொடுவதைத் தேர்க.
• நான்கனுள் ஒன்றையும் நீக்க இயலாத வினாவைக் கடந்து செல்க. தவறான விடைக்கு மதிப்பெண் கழியும் தேர்வில், தேராது தெளிதல் இருமுறை இழப்பைத் தரும்: நேரமும் போகும், மதிப்பெண்ணும் போகும்.

தொடக்கத்தில் ஒரு பத்திக்குப் பத்து நிமிடம் செலவிட்டாலும் தவறில்லை. விரைவு பயிற்சியின் விளைவு. பயிற்சியின் தொடக்கம் அன்று. விடைத்தாளைத் திருத்தும்போது, சரியான விடை ஏன் சரி என்பதை மட்டுமன்றி, ஏனைய மூன்றும் ஏன் தவறு என்பதையும் ஒவ்வொரு வரியில் எழுதிப் பழகுவது நற்பயன் தரும்.

தேர்வறைக்கு அப்பால்

தேர்வு ஒருவரின் ஆற்றல் முழுமையையும் அளந்துவிடாது. மனவுறுதி, கைத்திறன், பிறர் துன்பம் உணரும் நெஞ்சம் ஆகியவற்றைக் காண நான்கு விடைகளும் ஒரு வட்டமும் போதா. தமிழ்நாட்டில் பொறியியல், மருத்துவம் முதலிய தொழிற்கல்விச் சேர்க்கைக்கு மாநில அரசு நடத்திவந்த நுழைவுத்தேர்வு, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டதற்குப் பின்னணியாகவும், ஊரகத்து மாணவருக்கு அத்தேர்வு சமவாய்ப்பு அளிக்கிறதா என்னும் வாதமே இருந்தது. ஆனால், ஏரணத் திறனின் தேவை தேர்வோடு முடிவதில்லை.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, பெருந்திட்டங்கள் பலவற்றுக்கு ஒப்புதல் வழங்கும் முன் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். அத்தகைய கூட்டத்தில் ஒரு தரப்பு அறிக்கையை வாசிக்கும். மற்றொரு தரப்பு அச்சத்தை வெளியிடும். இரண்டிலும் முடிவுகள் உண்டு, காரணங்கள் உண்டு, சொல்லப்படாத எடுகோள்களும் உண்டு. "ஓர் ஆண்டின் கோடையில் மட்டும் எடுத்த நீர்மாதிரி, மழைக்கால வெள்ளத்துக்கும் பொருந்துமா?" என்று எழுந்து கேட்கும் ஒரு குரல், நூறு முழக்கங்கள் செய்யாததைச் செய்துவிடும். தன் தரப்பு வாதத்திலும் அதே கேள்வியைக் கேட்டுச் சரிசெய்துகொள்பவர், எதிர்த்தரப்பால் எளிதில் வீழ்த்தப்படமாட்டார். ஆலையில் வேலை தேடும் இளைஞரும் ஏரியில் வலைவீசும் மீனவரும் ஒரே ஊரில் வாழும் எல்லைப் பகுதிக்கு, இத்தகைய நிதானம் மிகவும் தேவை.

வெண்படலத்தைக் கண்டவுடன் தீ என்று கூவுவது எளிது. ஒன்றுமில்லை என்று திரும்பிப் படுப்பதும் எளிது. அருகில் சென்று, அது புகையா ஆவியா பனியா என்று பார்த்த பின் பேசுவதே அளவை அறிந்தவர் செயல்.

சொல்லும் பொருளும்

அளவை – உண்மையை அறியும் வழி. ஏது – காரணம். திட்டாந்தம் – எடுத்துக்காட்டு. நிகமனம் – முடிபுரை. இப்பி – சிப்பி. தறி – நடப்பட்ட தூண். அடுக்களை – சமையலறை.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஆராயாமல் தறியை மனிதன் என்று துணிவது
அ) ஐயம் ஆ) திரியக் கோடல் இ) தேராது தெளிதல் ஈ) உவமம்

2. ஒரு கூற்றை மறுத்தால் வாதம் சரியுமாயின் அக்கூற்று அவ்வாதத்தின்
அ) முடிவு ஆ) எடுகோள் இ) திட்டாந்தம் ஈ) உபநயம்

3. "மேகம் திரண்டால் மட்டுமே மழை பெய்யும். இன்று மேகம் திரண்டுள்ளது. எனவே இன்று மழை பெய்யும்." இவ்வாதத்தின் குறை
அ) மிகைச்சொல் ஆ) சொன்னவரைக் குறைகூறல் இ) பத்திக்கு வெளியே உள்ள உண்மை ஈ) தேவையையும் போதுமையையும் குழப்புதல்

குறுவினா

1. அறவண அடிகள் கூறும் வாதத்தின் உறுப்புகள் ஐந்தனையும் எழுதுக.
2. இணைப்புச்சொற்களைக் கொண்டு முடிவைக் கண்டறிவது எவ்வாறு?

சிறுவினா

1. வாதம் வலுவிழப்பதற்கும் முடிவு பொய்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. பயிற்சி மைய விளம்பரம் எவ்வகை ஏதுப்போலிக்குச் சான்றாகிறது? விளக்குக.

நெடுவினா

அறத்தை உரைக்கும் முன் அறவண அடிகள் அளவையைக் கற்பித்ததன் பொருத்தத்தை, இன்றைய சமூகச் சூழலோடு இணைத்துக் கட்டுரை வரைக.

கற்பவை கற்றபின்

நாளிதழில் வெளிவந்த விளம்பரம் ஒன்றையும் ஆசிரியருக்கு எழுதப்பட்ட கடிதம் ஒன்றையும் தெரிந்தெடுத்து, அவற்றிலுள்ள முடிவு, காரணம், எடுகோள் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி வகுப்பறையில் கலந்துரையாடுக. உமக்கு உடன்பாடான கருத்தையுடைய ஒன்றையும் உடன்பாடற்ற ஒன்றையும் தேர்ந்தெடுப்பது நன்று.